பதினொரு வாசக்கால்

புளியமிட்டாவில் பூமி ஆடியது தை மாதம் ஒன்பதாம் தேதி, பட்டப்பகலில். ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுகிற நேரம்தான் ஆடியது. மண் சுவருக்கு அது போதாதா? கீழ்த்தெருவின் பதினொரு வீடும் அப்படியே உட்கார்ந்துவிட்டன. ஜனங்கள் எல்லாரும் பெரிய வூட்டு நாராயணசாமியின் கொல்லையில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்ததால் ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை. ஏழுமலையின் வெள்ளாடு ஒன்று மட்டும் சுவருக்கடியில் போய்விட்டது.

ஊர்க்கணக்கு எழுதுகிறவர் மேலே அனுப்பிய தாளில் "உயிர்ச் சேதம்: ஒன்று" என்று எழுதினார். எந்த உயிர் என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை, அவரும் எழுதவில்லை. நாலாம் நாள் ஒரு ஜீப் வந்துவிட்டது. ஆடு என்று எழுதியிருந்தால் ஜீப் வந்திருக்காது என்பது அந்த ஊரில் எல்லாருடைய அபிப்பிராயமும். வந்தவர்கள் இறங்கி, ஆட்டைப் பற்றிக் கேள்விப்பட்டு, கொண்டுவந்த தாளை இன்னொரு தரம் படித்துப் பார்த்தார்கள். பிறகு வந்ததுதான் வந்தோம் என்று இடிந்த வீடுகளை எண்ணிக்கொண்டு போனார்கள்.

"புண்ணியம் பண்ண ஆடுய்யா அது" என்று ஏழுமலை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். செத்த அன்றைக்கே அதைக் குழம்பு வைத்துத் துன்னதையும் அவன் மறைக்கவில்லை.

ஆட்டுக் கதை அதோடு சரி. இது நாகையாவின் பெண்சாதி செங்கம்மாவின் கதை.

செங்கம்மா பதினாறு வயதில் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. அதற்குள் அவள் நாலு வீடு கட்டிவிட்டாள். நாலையும் தன் காலால் மண் மிதித்துத் தன் கையால் சுவர் வைத்துத்தான் கட்டினாள். அவ்வளவு வசதியா என்று கேட்காதீர்கள். முதல் வீடு இருந்த இடத்தில் நாராயணசாமி கிணறு வெட்டினார். இரண்டாவது வீட்டு இடத்தில் களம் போட்டார். மூன்றாவது இடத்தில் கரும்பாலை வைத்தார். எந்தத் தடவையும் மனுஷன் அதட்டியதில்லை, ஒரு சுடுசொல் சொன்னதில்லை. வரப்பில் வந்து நின்று, குடையைக் கீழே ஊன்றிக்கொண்டு, "கொஞ்சம் தள்ளிக் கட்டிக்குங்களேன்" என்பார். பதினொரு குடும்பமும் கூரையைப் பிரித்துத் தலையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போகும். அப்படித் தள்ளித் தள்ளி இப்போது ஏரிக்கரை ஓரப் புறம்போக்கில் வந்து நிற்கிறது கீழ்த்தெரு. இன்னும் கொஞ்சம் தள்ளினால் தண்ணீரில்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

சர்க்கார் உதவி வந்து சேர எட்டு வாரத்துக்கு மேல் ஆனது. பங்குனி பிறந்து பத்தாம் நாள், புதன்கிழமை, ரேணிகுண்டாவிலிருந்து ஒரு லாரி வந்து பதினொரு வாசக்காலையும் பதினொரு கதவையும் புளியமரத்தடியில் இறக்கிவிட்டுப் போனது. ஓடு அப்புறம் வருமாம். சுவரை அவரவர் எழுப்பிக்கொள்ள வேண்டுமாம்.

வாசக்கால்கள் எல்லாம் ஒரே அளவு, ஆறடிக்கு மேல். கீழ்த்தெரு வீடுகளுக்குள் அதுவரை யாரும் நிமிர்ந்து போனதில்லை. வாசல் என்றால் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றாத குறையாக நுழைவது. நாகையா ஒரு வாசக்காலைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தான். அவன் தலைக்கு மேல் இன்னும் ஒரு சாண் இருந்தது.

"குனியாம போனா வூட்டுக்குள்ள போற மாதிரியே இருக்காதே" என்றான் கவலையாக.

"பழகிக்கலாம்" என்றாள் செங்கம்மா.

மறுநாள் சாயந்திரம் நாராயணசாமி வந்தார். வரப்பில்தான் நின்றார். கையில் குடை, கக்கத்தில் பஞ்சாங்கம். நாள் கிழமை பார்ப்பதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நாள் பார்க்காமல் அவர் முடி வெட்டிக்கொள்ள மாட்டார், சகுனம் பார்க்காமல் வெளியே கால் வைக்க மாட்டார்.

"பங்குனியில வாசக்கால் வெக்கக் கூடாதுடா" என்றார். "வெச்சா அந்தக் குடி வெளங்காது. இவ்ளோ நாள் பொறுத்தீங்க, இன்னும் இருவது நாள் பொறுக்க மாட்டீங்களா? சித்திரை பொறக்கட்டும். நானே நல்ல நாள் பாத்துச் சொல்றேன்."

"ஆவட்டும் அய்யா" என்றார்கள்.

"இன்னொண்ணு கேட்டுக்குங்க. வாசக்கால் வெச்சிட்டா, செவுரு இருக்கோ இல்லியோ, அது வூடு. அப்புறம் வாசல் வழியாத்தான் உள்ள போவணும், வாசல் வழியாத்தான் வெளிய வரணும். பக்கத்துல பூந்து போறவன் திருடன். அவன் வம்சத்துக்கே ஆவாது. ஒங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போவுது, அதான் சொல்லி வெக்கிறேன்."

பெரிய மனசு என்று நாகையா சொன்னான். செங்கம்மாவுக்கும் அப்படித்தான் பட்டது. நம்மைத் தேடி வந்து, கால் கடுக்க நின்று, நல்லது சொல்லிவிட்டுப் போகிறாரே என்று நெகிழ்ந்துகூடப் போனாள். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுததாம் என்கிற பழமொழி அவளுக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்துக்கு ஞாபகம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்தார். வரதராஜுலு என்று பெயர். புத்தூர்க்காரர், பாதித் தெலுங்கு பாதித் தமிழ் பேசுவார். நெற்றியில் பளிச்சென்று நாமம். பெரிய பதிவேடு ஒன்றைச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, வெயிலில் வெந்து வந்தார். புளியமரத்தடியில் படுக்கப் போட்டிருந்த வாசக்கால்களைப் பார்த்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"ஏமம்மா, இன்னும் நிறுத்தலியா?"

"சித்திரையில வெக்கலாம்னு இருக்கோம் அய்யா" என்றாள் செங்கம்மா. ஆண்கள் எல்லாம் கொல்லையில் இருந்தார்கள். அவள்தான் கேழ்வரகு காயப்போட்டுக்கொண்டு அங்கே இருந்தாள்.

"சித்திரையா!" வரதராஜுலு தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, வர்ற வியாழன் முப்பத்தொண்ணாம் தேதி. வெள்ளிக்கிழமை பொழுது விடிஞ்சா இந்த ஊரு மெட்ராஸ் ராஜ்யம். தெலுசா?"

தெலுசு. ஊருக்கே தெரியும். எல்லைக் கமிஷன், பேச்சுவார்த்தை, கொடி, ஊர்வலம் என்று ஏழு வருஷமாக நடந்த கூத்து அது. இந்த ஊர் அங்கே, அந்த ஊர் இங்கே என்று பாகம் பிரித்தாகிவிட்டது. புளியமிட்டா மெட்ராசுக்கு என்று முடிவாகிக் கெஜட்டிலும் வந்துவிட்டது. ஆனால் செங்கம்மாவுக்கு அது ஏதோ பெரிய இடத்துச் சொத்துத் தகராறு போலத்தான் இருந்தது.

"போனா போவட்டுமே அய்யா. எங்கிட்ட எடுத்துக்கினு போவ இன்னா இருக்கு?"

வரதராஜுலு பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். அவளுக்குப் படிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் பிரித்துக் காட்டினார்.

"கவர்மெண்டு ஆர்டர் என்னன்னா, வாசக்கால் நின்னா அது வீடு. வீடுன்னு நான் இதுல எழுதுவேன். எழுதினா அந்த மனை உன் புருஷன் பேருல பட்டா. வாசக்கால் நிக்கலைன்னா காலிப் புறம்போக்கு. இந்தப் புஸ்தகத்துல என்ன இருக்கோ அதைத்தான் மெட்ராஸ்காரங்க வாங்கிப்பாங்க. காலின்னு போனா காலிதான். அப்புறம் நான் ஒண்ணும் பண்ண லேது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "இந்தப் புறம்போக்கைக் குத்தகைக்குக் கேட்டு ஏற்கெனவே ஒரு மனு இருக்கு" என்றார்.

"யாரு மனு?"

"பெரிய வீட்டுக்காரர் மனு. போன மாசமே குடுத்துட்டாரு."

செங்கம்மா கேழ்வரகைத் துழாவிக்கொண்டிருந்த கையை எடுத்தாள். முதலில் வந்தது கோபம் அல்ல, வெட்கம். நேற்றைக்கு அந்த ஆளைப் பெரிய மனசு என்று நினைத்தோமே என்கிற வெட்கம். கோபம் அதற்குப் பிறகுதான் வந்தது. வந்தது சாமானியத்தில் போகிற கோபம் இல்லை.

"பங்குனியில வாசக்கால் வெக்கக் கூடாதுன்றாங்களே அய்யா" என்றாள்.

"அவுனு அவுனு, கூடாது" என்றார் வரதராஜுலு, பக்தியோடு. "எங்களுக்கும் பால்குண மாசம் ஆகாது. அதனாலதான் நானும் காத்துக்கினு இருந்தேன். புத்தூர்ல என் வீட்டுக்கு புதன்கிழமை வாசக்கால் வைக்கிறேன்."

"எந்தப் புதன்கிழமை?"

"வர்ற புதன்."

"அதுவும் பங்குனிதான அய்யா?"

வரதராஜுலு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "எங்கம்மா பங்குனி? வர்ற ஆதிவாரம், ஞாயித்துக்கிழமை, அமாவாசை. அதோட பால்குணம் அயிபோயிந்தி, முடிஞ்சிபோச்சு. சோமவாரம் உகாதி. புது வருஷம். உங்களுக்குத்தான் இன்னும் ரெண்டு வாரம் இழுக்கும், அரவ பஞ்சாங்கம், தமிழ்ப் பஞ்சாங்கம்." ஏதோ வண்டி தாமதமாக வருவதைச் சொல்வது மாதிரி சொன்னார். பிறகு பதிவேட்டைக் கட்டிக்கொண்டார். "வியாழக்கிழமை வருவேன். நிக்கிறதை எழுதுவேன். நிக்காததை எழுத மாட்டேன்."

சைக்கிள் ஏரிக்கரையில் மறைகிற வரைக்கும் செங்கம்மா அசையவில்லை. காக்காய் வந்து கேழ்வரகைக் கொத்தியது, அதையும் விரட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சாய்ந்ததும் கீழ்த்தெரு மொத்தமும் புளியமரத்தடியில் கூடியது. செங்கம்மா மனு சங்கதியைச் சொன்னாள். பெண்கள் திட்டினார்கள். எழுத முடியாத திட்டு. ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். அப்புறம் அவள் தன் யோசனையைச் சொன்னாள்.

"வியாழக்கிழமை வரிக்கும் நாம ஆந்திரா. ஆந்திராவுல பங்குனி இன்னியோட முடிஞ்சிபோச்சி. நாளிக்கு உகாதி. செவ்வாக்கிழம வாணாம். புதன்கிழம வாசக்கால் வெச்சிடலாம்."

ஏழுமலைதான் முதலில் வாயைத் திறந்தான். அவன் நாகையாவுக்குப் பங்காளி, எதையும் சுற்றிப் பார்த்துத்தான் ஒத்துக்கொள்வான்.

"அது தெலுங்குக்காரங்க கணக்கு அண்ணி. நம்ம ஊரு ஆத்தா செல்லியம்மாவுக்குத் தெலுங்குக் கணக்கு தெரியுமா?"

"நகரிச் சந்தையில தெலுங்குல பேரம் பேசறியே, அந்தக் காசுலதான ஆத்தாளுக்குக் கற்பூரம் வாங்கற? எப்பனா வாணாம்னாளா?" என்றாள் செங்கம்மா. "மலைமேல பெருமாளுக்கே நாளிக்குத்தான்டா வருசம் பொறக்குது. உகாதிக்குப் பஞ்சாங்கம் படிக்கிறாங்க சாமி முன்னால. பெருமாளுக்கு ஆவறது ஒனக்கு ஆவாதா?"

ஏழுமலை யோசித்தான். பெருமாளை எதிர்த்துப் பேச அவனிடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் விடவில்லை.

"செரி, புதன்கிழம வெச்சிடறோம். வெள்ளிக்கிழம மெட்ராசுக்குப் போயிடுவோம். அங்க பங்குனி இன்னும் நடந்துக்கினுதான இருக்கும்? நமக்கு மறுபடியும் பங்குனி வந்துடுமே?"

"வரட்டும். வெச்ச வாசக்கால அது வந்து புடுங்காது."

இதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை என்று தெருவே ஏற்றுக்கொண்டது. "பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காது" என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டதும் எல்லாருக்கும் பாதி பயம் போய்விட்டது. நாகையாவுக்கு மட்டும் போகவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் ஒரு வாசக்கால் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தான்.

"நமக்குத் தங்கினது ஒண்ணே ஒண்ணு" என்றான். மகள் வரலட்சுமியைச் சொன்னான். அவளுக்கு முன்னால் இரண்டு பிறந்து இரண்டும் போய்விட்டன. "குடி வெளங்காதுன்றாங்க. அதுக்கு எதனா ஒண்ணுன்னா நான் உசுரோட இருக்க மாட்டேன் செங்கம்மா."

அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஞ்சாங்கத்தை வைத்து ஏழுமலையை மடக்கலாம். இதை எதை வைத்து மடக்குவது?

"எனக்கும் பயந்தான்" என்றாள். "ஆனா அந்த ரெண்டையும் எங்க பொதச்சோம், சொல்லு? ரெண்டாவது வூட்டுப் பின்னால. இப்ப அங்க களம். நெல்லு அடிக்கிறாங்க, நாமளே போய் அடிக்கிறோம். ஒவ்வொரு தபாவும் அந்த எடத்துல கால் வெக்காம தாண்டிப் போறேன், நீ பாத்துருக்கியோ இல்லியோ. பெரிய வூட்டுக்கு தையில, அய்யர வெச்சி, நாள் பாத்து வெச்ச வாசக்கால்தான? பூமி ஆடினப்ப அதுவும் வெடிச்சுதே. பூமி நாள் பாத்தா ஆடிச்சி? இன்னொரு தபா தள்ளிக் கட்டிக்க என்னால ஆவாது. அந்தப் பயம் இதவிடப் பெருசு."

அவள் களத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் போவதை நாகையா பார்த்திருக்கிறான். அவனும் தாண்டித்தான் போகிறான். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை, அவ்வளவுதான். எழுந்து போய்க் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தான்.

"குழி எவ்ளோ ஆழம் வேணும்?" என்றான்.

உகாதியன்று கீழ்த்தெருவில் வரலாறு காணாத உகாதி நடந்தது. அதற்கு முன் அங்கே யாரும் அதைக் கொண்டாடியதில்லை. அன்றைக்கு எல்லா வீட்டிலும் வேப்பம்பூவும் வெல்லமும் கரைத்துக் குடித்தார்கள். தாங்கள் ஆந்திராக்காரர்கள் என்பதில் எந்தச் சந்தேகமும் இருக்கக் கூடாது என்று ஏழுமலை இரண்டு சொம்பு குடித்தான். அரசாங்கம் மாறுவதற்கு நாலு நாள் முன்னால் இவ்வளவு விசுவாசமான பிரஜைகள் அந்த ஜில்லாவில் வேறெங்கும் இருந்திருக்க மாட்டார்கள்.

புதன்கிழமை காலையில் கொல்லை வேலைக்கு ஒருத்தரும் போகவில்லை. நாராயணசாமி ஏதோ நூல் வியாபார விஷயமாக நகரிக்குப் போயிருந்தது தெய்வாதீனம். பதினொரு வாசக்காலுக்கும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து மாவிலை கட்டினார்கள். அய்யர் யாரும் இல்லை. கூப்பிட்டாலும் வரமாட்டார்கள் என்பதால் கூப்பிடவில்லை. குழியில் நவதானியமும் ஒரு துளி பாலும் விட்டு, நாலு பேர் பிடித்து ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். விழாமல் இருக்க இரண்டு பக்கமும் மூங்கில் முட்டுக் கொடுத்தார்கள். அவசரத்தில் ஏழுமலையின் வாசக்காலை முன்பின்னாக வைத்துவிட்டார்கள். கதவு மாட்டினால் தெருப்பக்கம் திறக்கும். "பரவால்ல, வர்றவனத் தள்ளி நிறுத்தும்" என்று அவன் சமாதானம் சொல்லிக்கொண்டான்.

உச்சிப் பொழுதுக்குள் முடிந்துவிட்டது. ஏரிக்கரை ஓரம் வெட்டவெளியில் பதினொரு வாசல்கள் வரிசையாக நின்றன. சுவர் இல்லை, கூரை இல்லை, பின்னால் வானம்தான். செங்கம்மா வரலட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு வலது காலை எடுத்து வைத்து உள்ளே போனாள். குனியவில்லை. உள்ளே என்று சொல்ல அங்கே அதே மண், அதே வெயில். ஆனால் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, புகை என்றாள். அடுப்பே இன்னும் மூட்டவில்லை.

வியாழக்கிழமை வரதராஜுலு வந்தார். தன் வீட்டு வாசக்கால் வைத்த சந்தோஷத்தில் இருந்தார், விரலில் மஞ்சள் இன்னும் போகவில்லை. முதல் மனையை அளக்க அளவுச் சங்கிலியோடு பக்கவாட்டில் நேராக நடந்து வந்தார்.

"அய்யா" என்றாள் செங்கம்மா. "வாசல் அந்தப் பக்கம்."

வரதராஜுலு நின்றார். வாசலைப் பார்த்தார். தான் நின்ற இடத்தைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கியபடியே இருந்தார். பிறகு "க்ஷமிஞ்சம்மா, தப்பு" என்று சொல்லிவிட்டுச் சுற்றிக்கொண்டு போய், செருப்பைக் கழற்றி வைத்து, வாசல் வழியாக வந்தார். மற்றப் பத்து வீட்டுக்கும் அப்படியே போய் வந்தார். சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொரு வாசக்காலிலும் ஒன்றிலிருந்து பதினொன்று வரை நம்பர் போட்டார்.

பதினொன்று போடும்போது நாராயணசாமி வந்துவிட்டார். வரப்பில் வேகமாக வந்ததில் குடை விரியாமலே கையில் ஆடியது.

"என்னங்க இது அநியாயம்? செவுரே இல்ல, இதைப் போயி வீடுன்னு எழுதறீங்களா?"

"ஆர்டர்ல சுவத்தைப் பத்தி ஒண்ணும் லேது" என்றார் வரதராஜுலு. "வாசக்கால் நின்னா வீடு. நிக்குது. எழுதிட்டேன்."

"பங்குனி மாசமுங்க! பங்குனியில வெச்சிருக்காங்க!"

வரதராஜுலு பதிவேட்டை மூடிக் கயிறு கட்டினார். "சித்தூர் ஜில்லாவுல சைத்ரம் பிறந்து இன்னிக்கு நாலாம் நாள் அய்யா. புதுவருஷ ஆசீர்வாதம் சொல்றேன், வாங்கிக்குங்க."

ஆசீர்வாதத்தை நாராயணசாமி வாங்கிக்கொள்ளவில்லை. சைக்கிள் போய்விட்டது. அவர் கீழ்த்தெருவை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் தலையைக் குனியவில்லை. குனிந்து பழகின கழுத்துதான், ஆனால் அன்றைக்கு என்னவோ குனிய மறந்துவிட்டது. அவர் வந்த வழியே போனார்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. மெட்ராஸ் ராஜ்யம் என்பதற்கு ஊரில் எந்த அடையாளமும் தெரியவில்லை. அதே சூரியன், அதே ஏரி. மறுபடியும் பங்குனி வந்துவிட்டது என்பது மட்டும் ஏழுமலைக்கு நிச்சயமாகத் தெரிந்தது. காலையிலிருந்து வாசக்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அசையவில்லை.

கொல்லையில் வேர்க்கடலை முற்றி நின்றது. பிடுங்க ஆள் வேண்டும். புதன்கிழமையிலிருந்து கீழ்த்தெருவில் யாரும் வேலைக்கு வரவில்லை. எல்லாரும் சுவருக்கு மண் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நாராயணசாமி முதலில் ஆளை அனுப்பினார். "செவுரு எழும்பினதும் வரோம்னு சொல்லு" என்று செங்கம்மா சொல்லி அனுப்பிவிட்டாள். ஒரு நாழிகை கழித்து அவரே வந்தார். வரப்பில் நின்று கூப்பிட்டார். நாகையா ஏரியில் மண் வெட்டிக்கொண்டிருந்தான், காதில் விழவில்லை. செங்கம்மா மூன்று கல் கூட்டி அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். களி கிண்டுகிறபோது கையை எடுத்தால் கட்டி தட்டிவிடும். அவள் திரும்பவில்லை.

வேறு வழியில்லை. அவர் வரப்பை விட்டு இறங்கினார். பத்தொன்பது வருஷத்தில் அவர் கீழ்த்தெருப் பக்கம் இறங்கி அவள் பார்த்ததில்லை. நேரே அடுப்பைப் பார்த்து நடந்து வந்தார். இடையில் ஒன்றும் இல்லை, நாலு எட்டு வைத்தால் அடுப்படி. கடைசி எட்டில் சட்டென்று நின்றுவிட்டார். சுண்ணாம்பில் நம்பர் போட்ட வாசக்கால் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பூந்து போறவன் திருடன், வம்சத்துக்கே ஆகாது. யாரோ சொன்னது அல்ல, அவரே சொன்னது. எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பார், சாஸ்திரத்தை விட்டுக்கொடுக்க மாட்டார்.

வெட்டவெளியில், இல்லாத ஒரு சுவரைச் சுற்றிக்கொண்டு போனார். வாசலுக்கு முன்னால் போய் நின்றார். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"செங்கம்மா" என்று கூப்பிட்டார்.

அவளுக்கும் அவருக்கும் நடுவில் ஏழெட்டு முழம்கூட இல்லை. அவர் நெற்றியில் வேர்வை வழிவதுகூட அவளுக்குத் தெரிந்தது. அவள் களியை இன்னும் இரண்டு சுற்றுக் கிண்டினாள்.

"யாரு?" என்றாள்.

நாராயணசாமி குடையை இன்னொரு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டார். அந்த ஊரில் பிறந்து அறுபது வருஷத்தில் அவரை யாரும் கேட்காத கேள்வி அது.

"நாந்தான்" என்றார். அது போதாது என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். "நாராயணசாமி. உள்ள வரலாமா?"

"இருங்க" என்றாள் செங்கம்மா. "களி எறக்கிட்டு வரேன்."